பராமரிப்போரின் களைப்பு: ஆரம்ப சுகாதாரப் பணியில் மனநிறைவும் பணிச்சோர்வும்

ஆரம்ப சுகாதாரப் பணியின் முதன்மையான கருவி மனிதர். பெரிய மருத்துவமனையில் ஒருவர் மனம் தளர்ந்து வேலை செய்தாலும் உடன் பணியாற்றுவோரும் ஆய்வகமும் ஸ்கேன் கருவியும் அந்தத் தளர்ச்சியை ஓரளவு ஈடுகட்டிவிட முடியும். ஆனால் சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒன்று என்ற கணக்கில் அமைந்த துணை சுகாதார நிலையத்தில், கர்ப்பிணியின் இரத்த அழுத்தத்தைப் பார்ப்பதும், பிறந்த குழந்தையின் எடையைக் குறிப்பதும், தடுப்பூசிக்கு வராத வீட்டைத் தேடிச் செல்வதும் பெரும்பாலும் ஒரே கிராம சுகாதாரச் செவிலியரின் பொறுப்பாக இருப்பதால், அவருடைய தெம்பும் தளர்ச்சியும் அந்த ஊர் பெறும் மருத்துவ உதவியில் நேரடியாகப் பிரதிபலிக்கின்றன. தமிழ்நாட்டில் இத்தகைய நிலையங்கள் 8,700-க்கும் மேல் உள்ளன. ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு நேரும் தாய்மார் இறப்பு 2018–20 காலத்தில் இந்திய அளவில் 97 ஆக இருந்தபோது தமிழ்நாட்டில் 54 ஆக இருந்தது. அந்த வேறுபாட்டுக்குக் காரணங்கள் பல என்றாலும், மக்கள் ‘நர்ஸம்மா’ என்று அழைக்கும் இந்தப் பெண்கள் வீடு வீடாக நடந்த நடைக்கு அதில் பெரும் பங்கு உண்டு. அந்த வேலை அவர்களுக்கு என்ன தருகிறது, அவர்களிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்பதை ஆராய அரை நூற்றாண்டு அறிவியல் துணை நிற்கிறது.

பணிச்சோர்வு பற்றிய ஆய்வு தொடங்கியதே ஒரு சாதாரண இலவச மருத்துவ நிலையத்தில்தான். நியூயார்க் நகரில் ஏழைகளுக்கும் போதைப் பழக்கத்தில் சிக்கிய இளைஞர்களுக்கும் சிகிச்சை அளித்த அத்தகைய நிலையத்தில், பகலில் தம் சொந்த மருத்துவப் பணியை முடித்துக்கொண்டு இரவில் ஊதியமின்றி உழைத்த ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், தம்முடன் ஆர்வத்தோடு சேர்ந்த தொண்டர்கள் ஏறத்தாழ ஓராண்டில் எரிச்சலும் அவநம்பிக்கையும் தீராத களைப்பும் கொண்டவர்களாக மாறுவதைக் கவனித்து, 1974-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். அவர் குறிப்பிட்ட ஒரு செய்தி இன்றும் கவனத்துக்குரியது: முதலில் சோர்ந்தவர்கள் சோம்பேறிகள் அல்லர், அந்தப் பணியில் மிகுந்த ஈடுபாடு கொண்டவர்கள். அவருக்குப் பின் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சனுடன் இணைந்து 1981-இல் 22 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினார். மருத்துவம், கல்வி, சமூகப் பணி ஆகிய துறைகளில் உலகெங்கும் இன்றும் பயன்படும் அந்த அளவுகோல் பணிச்சோர்வை மூன்று கூறுகளாகப் பிரிக்கிறது.

முதற்கூறு உணர்ச்சி வறட்சி, அதாவது பிறர் துயரத்தைக் கேட்கவும் அதற்கேற்ப நடந்துகொள்ளவும் தேவையான மனவலிமை தீர்ந்துபோன நிலை. இரவு முழுதும் தூங்கி எழுந்தாலும் காலையில் பையைத் தோளில் மாட்டும்போதே களைப்பாக இருப்பது இதன் அடையாளம். இரண்டாவது விலகல் மனப்பான்மை, அதாவது எதிரே இருப்பவரை மனிதராகக் காணாமல் ஓர் எண்ணாகவோ தொல்லையாகவோ காணத் தொடங்குவது. ‘மூன்றாவது கர்ப்பம், அட்டை கொண்டுவராதவர்’ என்று மட்டும் ஒருவரை நினைவுகொள்வதும், அவருடைய கேள்விக்கு முகத்தைப் பாராமல் பதில் சொல்வதும் இதில் அடங்கும். மூன்றாவது, தம் வேலையால் எதுவும் மாறவில்லை என்ற எண்ணம் வேரூன்றிப்போகும் சாதனை உணர்வுக் குறைவு. இம்மூன்றும் எப்போதும் ஒன்றாகவே வருவதில்லை. உணர்ச்சி வறட்சி முற்றிய பிறகும் நோயாளியிடம் கனிவு குறையாமல் நடந்துகொள்வோர் பலர் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் வறட்சியின் விலையை வீட்டில் தருகிறார்கள் என்பதால் மேலதிகாரியின் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பு, பணிச்சோர்வை நோய் என்று வகைப்படுத்தாமல், முறையாகக் கையாளப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவாகத் தோன்றும் பணிசார் நிலை என்று வரையறுத்தது. இந்த வரையறை நோயாளி என்ற முத்திரையைப் பணியாளர் மீது குத்தாமல், பணியிடத்தைப் பரிசோதிக்கச் சொல்கிறது. இரத்தச்சோகை கண்ட கர்ப்பிணிக்கு மாத்திரை கொடுப்பதோடு நின்றுவிடாமல் அவர் என்ன சாப்பிடுகிறார், குடற்புழு உண்டா என்று விசாரிக்கப் பயிற்சி பெற்ற ஒரு துறை, தன் சொந்தப் பணியாளர் விஷயத்தில் மட்டும் காரணத்தைத் தேடாமல் மனவுறுதிப் பயிற்சி வகுப்போடு நிறுத்திக்கொள்வது வருந்தத்தக்கது.

பணி மனநிறைவும் பணிச்சோர்வும் ஒரே கோட்டின் இரு முனைகள், ஒன்று கூடினால் மற்றது குறையும் என்பது பரவலான நம்பிக்கை. 1959-இல் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பகுதியில் ஏறத்தாழ 200 பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் நடத்திய நேர்காணல்களின் அடிப்படையில் இந்த நம்பிக்கையை அசைத்தார். வேலையின் இயல்பு, அதில் கிடைக்கும் சாதனை, பொறுப்பு, அங்கீகாரம் ஆகியவை மனநிறைவைத் தருகின்றன என்றும், ஊதியம், மேற்பார்வை, பணிச்சூழல், நிர்வாக விதிகள் ஆகியவை குறைபடும்போது மனக்குறை பிறக்கிறது என்றும், பின்னவற்றைச் சரிசெய்தால் மனக்குறை நீங்குமே தவிர மனநிறைவு தானாக வந்துவிடாது என்றும் அவர் வாதிட்டார். நல்லது நடந்தால் தம்மையும் கெட்டது நடந்தால் சூழலையும் காரணம் காட்டுவது மனித இயல்பாதலால் நேர்காணல் முடிவுகளை அப்படியே ஏற்க முடியாது என்ற எதிர்ப்பு பின்னர் எழுந்தது. அது நியாயமான எதிர்ப்பே. எனினும் மனநிறைவும் மனக்குறையும் வெவ்வேறு ஊற்றுகளிலிருந்து வரக்கூடும் என்ற அவருடைய அடிப்படைக் கருத்து, சுகாதாரப் பணியாளரைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது. தாம் தடுப்பூசி போட்ட குழந்தை பள்ளிக்கூடப் பையோடு போவதைப் பார்க்கும்போது பெருமிதம் கொள்ளும் அதே செவிலியர், அன்று மாலையே இந்த வேலையை விட்டுவிடலாமா என்றும் நினைக்கலாம். இரண்டும் உண்மையான உணர்ச்சிகளே. ஆகவே ‘உங்கள் பணி உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?’ என்ற ஒற்றைக் கேள்வியைக் கேட்டு, ‘ஆம்’ என்ற பதில்களை எண்ணிப் பார்த்துத் திருப்தியடையும் நிர்வாகம் பாதி உண்மையைத்தான் அறிந்திருக்கிறது.

அழுத்தம் உடலில் என்ன செய்கிறது என்பதையும் சுருக்கமாகக் காண வேண்டும். நெருக்கடி வரும்போது மூளையின் கீழ்த்தளத்திலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, அது சிறுநீரகங்களின் மேல் அமைந்த அட்ரினல் சுரப்பிகளைத் தூண்டி, கார்டிசோல் என்ற இயக்குநீரைச் சுரக்கச் செய்கிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, கவனம் கூர்மையடைகிறது, உடல் செயலுக்கு ஆயத்தமாகிறது. நெருக்கடி தீர்ந்ததும் இந்த ஏற்பாடு தானே தணிய வேண்டும். தணிய இடமின்றி அது திரும்பத் திரும்ப முடுக்கப்படும்போது இதயம், இரத்தக் குழாய்கள், உறக்கம், நோயெதிர்ப்பு ஆகியவற்றில் சேரும் தேய்மானத்தைத் தகவமைப்புச் சுமை என்று புரூஸ் மெக்யுவென் 1990-களில் விளக்கினார். ஓய்வு என்பது வேலை செய்யாதிருப்பது மட்டுமன்று, மனமும் வேலையிலிருந்து கழன்றிருப்பது என்பதை ஜெர்மன் உளவியலாளர் சபீன் சொன்னென்டாக்கின் ஆய்வுகள் காட்டியுள்ளன. இரவு ஒன்பது மணிக்குச் சோறு பரிமாறும்போது வாட்ஸ்அப் குழுவில் ‘இன்றைய விவரம் இன்னும் வரவில்லை’ என்ற செய்தி வந்தால், அதற்குப் பதில் அனுப்ப இரண்டு நிமிடமே ஆகும். ஆனால் அந்த இரண்டு நிமிடம் மாலை முழுவதையும் வேலைநேரமாக்கிவிடுகிறது.

அழுத்தம் எங்கிருந்து பிறக்கிறது என்ற கேள்விக்கு, வேலை மிகுதி என்பதே முதலில் தோன்றும் விடை. 1979-இல் ராபர்ட் கராசெக், ஸ்வீடன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் தரவுகளைக் கொண்டு இதைத் திருத்தினார்: வேலை கடினமாக இருப்பதைவிட, கடினமான வேலையை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை இல்லாமலிருப்பதே மனிதரை மிகுதியாக வாட்டுகிறது. பின்னர் வந்த ஆய்வாளர்கள் இதனுடன் மூன்றாவதாக, தோள்கொடுக்கச் சக பணியாளர் உண்டா என்ற கேள்வியையும் சேர்த்தனர். வேலைச்சுமை மிகுதி, தீர்மானிக்கும் உரிமை குறைவு, தனிமை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த பணியிடம் எது என்று தேடினால், துணை சுகாதார நிலையம் அந்தப் பட்டியலில் முன்வரிசையில் நிற்கும்.

புதன்கிழமை தமிழ்நாட்டில் தடுப்பூசி நாள். குளிர்பெட்டியில் ஐஸ் பேக்குகளுக்கு நடுவே மருந்துக் குப்பிகளை அடுக்கி எடுத்துக்கொண்டு அங்கன்வாடியில் வந்து அமரும் செவிலியரிடம், ஒன்பது மாதம் நிறைந்த ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் வருகிறார் என்று கொள்வோம். அந்தக் குழந்தைக்குரிய தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி உலர்ந்த தூளாக, பல குழந்தைகளுக்கான அளவு ஒரே குப்பியில் அடைக்கப்பட்டு வருகிறது. உரிய நீர்மத்தில் கரைத்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குமேல் அதைப் பயன்படுத்தக் கூடாது. கிருமி வளர்ந்து உயிருக்கே கேடு விளையலாம் என்பதால் இந்த விதியில் தளர்வுக்கு இடமில்லை. அன்று அந்த வயதில் வேறு குழந்தை வராவிட்டால் மிச்ச மருந்து முழுதும் குப்பைக்குப் போகும், மாதக் கூட்டத்தில் வீணான அளவு எவ்வளவு என்ற கேள்வி வரும். அடுத்த வாரம் வரச் சொன்னாலோ, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த தாய் மறுபடி வராமலே போகலாம், அப்போது விடுபட்ட குழந்தை ஏன் என்ற கேள்வி வரும். குழந்தையைத் திருப்பியனுப்பாமல் குப்பியைத் திறப்பதே சரி என்பதைச் செவிலியர் அறிவார். ஆனால் அந்தச் சரியைச் செய்ததற்கும் அவரே விளக்கம் எழுத வேண்டிவரும் என்பதையும் அறிவார். இதுவா அதுவா என்ற தயக்கத்துக்கு இடையில், தடுப்பூசி போட்டால் காய்ச்சல் வருமா என்று கேட்கும் பாட்டிக்கு அவர் சிரித்த முகத்தோடு பதில் சொல்ல வேண்டும். உள்ளே எப்படியிருந்தாலும் பணி வேண்டும் முகபாவத்தை வரவழைத்துக்கொள்ளும் இந்த முயற்சியை ஆர்லி ஹோக்ஷீல்டு 1983-இல் உணர்ச்சி உழைப்பு என்று அழைத்தார். செய்ய வேண்டியது எது என்று தெளிவாகத் தெரிந்தும் அமைப்பின் நெருக்கடியால் அதைச் செய்ய இயலாமல் தவிக்கும் நிலையை, செவிலியர் அறவியலை ஆராய்ந்த ஆண்ட்ரூ ஜேம்டன் 1984-இல் அறவேதனை என்று வரையறுத்தார். உடற்களைப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஆறலாம். அறவேதனைக்கு விடுப்பு மட்டும் மருந்தாகாது; அது திங்கட்கிழமை அதே இடத்தில் காத்திருக்கும்.

எண்ணிக்கையைப் பணியாளரின் தோளில் ஏற்றுவது புதிய வழக்கமன்று. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976–77 என்ற ஒரே நிதியாண்டில் இந்தியாவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் செய்யப்பட்டபோது, இலக்கை எட்டாத அரசு ஊழியர்களின் ஊதியம் நிறுத்தப்பட்டதும், அதனால் மக்களுக்கும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் இடையே ஆழமான அவநம்பிக்கை வேர்விட்டதும் வரலாறு. குடும்ப நலத்துக்கான இலக்கு முறையை மைய அரசு கைவிட்டது 1996 ஏப்ரலில்தான். அதற்குள் ஒரு தலைமுறைச் செவிலியர்கள், ஊரார் தங்களைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்ளும் அவமானத்தைத் தாங்கிப் பணியாற்றி முடித்திருந்தனர்.

இந்தியச் சூழலுக்கென்றே பணி அழுத்தத்தை அளந்தவர் உளவியலாளர் உதய் பரீக். நிறுவனத்தில் ஒருவர் ஏற்றிருக்கும் பொறுப்பிலிருந்து பத்து வகை அழுத்தங்கள் பிறக்கக்கூடும் என்று அவர் பிரித்துக் காட்டினார். அவற்றுள் சில ஆரம்ப சுகாதாரப் பணிக்கென்றே வகுத்தவை போலிருக்கின்றன. வளக்குறைவு என்பது பொறுப்பை நிறைவேற்றத் தேவையான ஆளோ பொருளோ இல்லாமை; பொறுப்பு மோதல் என்பது தாயாகவும் மனைவியாகவும் செய்ய வேண்டியதும் பணியாளராகச் செய்ய வேண்டியதும் ஒரே நேரத்தில் ஒருவரை இழுப்பது. இவையிரண்டும் எளிதில் விளங்குகின்றன. பெரிதும் பேசப்படாதது பொறுப்புத் தேய்வு, அதாவது தமக்குரியது என்று ஒருவர் கருதிய வேலை மெல்ல மெல்ல வேறிடத்துக்குப் போய்விடுவது.

தமிழ்நாட்டில் கிராம சுகாதாரச் செவிலியர் என்று அழைக்கப்படும் துணைச் செவிலியரின் வரலாறே இந்தத் தேய்வுக்குச் சான்று. அவர் பிரசவம் பார்க்கவே முதலில் உருவாக்கப்பட்டார். கர்த்தார் சிங் குழு 1973-இல் அளித்த பரிந்துரைக்குப் பின் அவர் பல்நோக்குப் பணியாளரானார். மகப்பேறோடு குடும்பநலம், தடுப்பூசி, மலேரியா, ஊட்டச்சத்து எல்லாம் அவர் கைக்கு வந்தன, பயிற்சிக் காலமோ சுருங்கியது. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று பணியாளர் செவிலியர்கள் முறைவைத்து இருபத்துநான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு வந்ததும், வீட்டுப் பிரசவம் ஏறத்தாழ இல்லாமலே போனதும் தாய்மாருக்குப் பெரும் நன்மை, இதை மறுப்பதற்கில்லை. ஆனால் கிராம சுகாதாரச் செவிலியருக்கு அதன் பொருள் வேறு. குழந்தை பிறக்கும் கணத்தில் உடனிருந்து, அந்தக் குடும்பம் ஆயுளுக்கும் மறவாத பெயரைச் சம்பாதித்த வேலை அவரிடமிருந்து நீங்கி, அந்தக் கர்ப்பத்தைக் கணினியில் ஏற்றி 12 இலக்க எண் பெற்றுத் தருவதும், நிதியுதவித் தவணைக்கான வங்கிக் கணக்கு விவரத்தைச் சரிபார்ப்பதும் மிஞ்சின. ஹெர்ஸ்பெர்க்கின் கருத்துப்படி பார்த்தால், மனநிறைவு ஊறிய இடம் தூர்ந்து, மனக்குறை ஊறும் இடம் ஆழமாக்கப்பட்டது. பொறுப்பு மட்டும் குறையவில்லை: தம் பகுதித் தாய் எந்த மருத்துவமனையில் இறந்தாலும், அந்த மரணம் குறித்த ஆய்வுக் கூட்டத்தில் கர்ப்பகாலப் பதிவேட்டோடு வந்து நின்று பதில் சொல்ல வேண்டியவர்களுள் அவரும் ஒருவர். மரணங்களை ஆராய்வது உயிர்காக்கும் நடைமுறை; அது பாடம் கற்கும் கூட்டமாக நடக்கிறதா, குற்றவாளியைத் தேடும் கூட்டமாக நடக்கிறதா என்பதில்தான் பணியாளரின் மனநலம் தங்கியிருக்கிறது.

உழைப்புக்கும் ஈட்டுக்கும் உள்ள பொருத்தமின்மையை ஜெர்மன் சமூகவியலாளர் யோஹான்னஸ் சீக்ரிஸ்ட் 1996-இல் ஒரு கோட்பாடாக வகுத்தார். ஈடு என்பதில் ஊதியம், மதிப்பு, பதவி உயர்வும் பணிப் பாதுகாப்பும் என மூன்றையும் அவர் சேர்த்தார். கொடுப்பது மிகுந்தும் பெறுவது குறைந்தும் நீடிக்கும் பணி இதயநோய் அபாயத்தோடு தொடர்புடையது என்பதையும் காட்டினார். 2005-இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் ஆஷா பணியாளர்கள் இதற்குத் தெளிவான சான்று. பத்து லட்சம் அளவிலான இந்தப் பெண்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதத்தில் விருது வழங்கிக் கௌரவித்தது. ஆயினும் அரசின் கணக்கில் அவர்கள் ஊழியர் அல்லர், செய்த பணிக்கு ஊக்கத்தொகை பெறும் தன்னார்வலர். மூன்று ஈடுகளில் மதிப்பு ஒன்றை மட்டும் வழங்கி மற்ற இரண்டையும் ஒத்திவைக்கும் இந்த ஏற்பாடு நியாயமற்றது.

சோர்ந்த பணியாளர் வேலையை விட்டு எப்போதும் விலகுவதில்லை. பல நேரங்களில் வருவதை மட்டும் குறைத்துக்கொள்கிறார். ஆறு நாடுகளில் முன்னறிவிப்பின்றிப் பார்வையிட்டு 2006-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, இந்தியாவில் ஆரம்ப சுகாதார நிலையப் பணியாளரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் பணியிடத்தில் இல்லை என்று கண்டது. இதற்கு மருந்தாகக் கண்காணிப்பை முன்வைத்து, ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டத்தில் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனமும் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ, ரேச்சல் கிளென்னர்ஸ்டர் ஆகிய பொருளியலாளர்களும் மாவட்ட நிர்வாகத்துடன் சேர்ந்து ஒரு சோதனை நடத்தினர். துணைச் செவிலியர்கள் நாளும் நேரமும் பதியும் இயந்திரத்தில் வருகையைப் பதிய வேண்டும், வராவிட்டால் ஊதியம் பிடிக்கப்படும். முதற்சில மாதங்களில் வருகை ஏறத்தாழ இரு மடங்காயிற்று. பின்னர் ‘விலக்கு நாட்கள்’ பெருகின, இயந்திரங்கள் பழுதாயின, பதினாறு மாதங்களில் கண்காணிக்கப்பட்ட நிலையங்களுக்கும் மற்றவற்றுக்கும் வேறுபாடே இல்லாமற்போயிற்று. நிர்வாகமே திட்டத்தை நீர்த்துப்போகச் செய்தது என்பது ஆய்வாளர்களின் முடிவு. அது சரியே, ஆனால் வராதவர் ஏன் வரவில்லை என்று கேளாமல், வந்தாரா என்று மட்டும் கேட்கும் கருவியால் நீடித்த பயன் விளைவது அரிது என்பதையும் இந்தச் சோதனையோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

தீர்வு பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி மருத்துவர்களைப் பற்றியது. 2017-இல் மரியா பனகியோட்டி குழுவினர் அத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, எல்லா முயற்சிகளின் பயனும் சிறிதே என்றாலும், தனிமனிதருக்குத் தியானமும் மனப்பயிற்சியும் கற்பிப்பதைவிட வேலைநேரம், பணிப்பங்கீடு, குழு அமைப்பு ஆகியவற்றை மாற்றுவது கூடுதலான பயன் தந்தது தெரியவந்தது. நெதர்லாந்தில் யோஸ் டி பிளாக் 2006-இல் தொடங்கிய பூர்ட்ஸோர்க் என்ற இல்லச் செவிலியர் அமைப்பு இதற்கு ஒரு பெரிய எடுத்துக்காட்டு. பன்னிரண்டு பேருக்கு மிகாத குழுக்கள் தங்கள் நோயாளிகளையும் நேர அட்டவணையையும் தாங்களே தீர்மானிக்கின்றன. மேற்பார்வையாளர் அடுக்கு ஏறக்குறைய இல்லை. செல்வமும் பணியாளர் எண்ணிக்கையும் மிகுந்த நாட்டின் ஏற்பாட்டை அப்படியே இங்கே நட முடியாதுதான், ஆயினும் தீர்மானிக்கும் உரிமையைச் செவிலியரிடமே விடலாம் என்ற துணிவுக்குப் பணச்செலவு அதிகமில்லை. 1950-களில் லண்டனில் மைக்கேல் பாலின்ட் தொடங்கிய வழக்கம் இதனினும் எளிது: பொது மருத்துவர்கள் சிறு குழுவாகக் கூடி, தங்களைத் தொல்லைப்படுத்தும் ஒரு நோயாளியைப் பற்றிப் பேசினர், அந்த நோயாளி தங்கள் மனத்தில் எழுப்பிய எரிச்சலையும் குற்றவுணர்வையும் மறைக்காமல் வெளியிட்டனர்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆய்வுக் கூட்டங்கள் ஏற்கெனவே நடக்கின்றன. பகுதி சுகாதாரச் செவிலியரும் சமுதாய சுகாதாரச் செவிலியரும் கிராம சுகாதாரச் செவிலியர்களும் மருத்துவ அலுவலரும் ஒரே அறையில் அமர்கிறார்கள், எண்கள் வாசிக்கப்படுகின்றன, குறைந்த எண்ணுக்கு உரியவர் எழுந்து நிற்கிறார். அதே கூட்டத்தில் அரை மணி நேரத்தை, அந்த மாதத்தில் யாரையும் தூங்கவிடாத ஒரு தாயைப் பற்றி அல்லது ஒரு குழந்தையைப் பற்றிப் பேச ஒதுக்கலாம். அந்த நேரத்தில் பதிவேடுகள் மூடியிருக்க வேண்டும். காலியான பக்கத்து நிலையத்தைக் கூடுதல் பொறுப்பாகப் பார்ப்பவருக்கு அந்த மாத இலக்குகளில் எவை தள்ளிவைக்கப்படும் என்பதை எழுத்தில் தரலாம். ஒரே விவரம் எத்தனை பதிவேடுகளிலும் எத்தனை செயலிகளிலும் ஏறுகிறது என்று ஒரு நிலையத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து எண்ணிப் பார்த்து, இரண்டாம் முறை கேட்கப்படுவதை நீக்கலாம். இவற்றுக்குப் புதிய கட்டடமோ புதிய பதவியோ தேவையில்லை. மருத்துவ அலுவலரே தொடங்கிவிடக்கூடியவை சில. மற்றவற்றுக்கு மாவட்ட அளவில் ஒரு சுற்றறிக்கை போதும்.